பூ வண்டியில் பதினோரு சீட்

என் தங்கச்சி கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம். "ஒன் வண்டியில எங்கிட்டுண்ணே உக்கார்றது?" என்று கேட்டாள். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருசன் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், உள்ளதைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு என் வண்டியைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற இன்னொரு வண்டியில் ஏறிக்கொண்டாள். அது என் சித்தப்பா மகனுடைய வண்டி.

என்னுடையது பூ வண்டி. ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடிகாலையில் பறித்த மல்லிகையை மூட்டை மூட்டையாக ஏற்றிப் புதுக்கோட்டை மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். பலாக் காலத்தில் பலாப்பழமும் ஏறும். நாலு பக்கமும் தகரம் அடைத்த வேன் அது. முன்னால் டிரைவருக்கும் பக்கத்தில் ஒருத்தருக்கும் இடம் உண்டு. அந்த இடத்திலும் தராசும் காலிச் சாக்கும்தான் கிடக்கும். அவனுடையதோ ஆளேற்றும் வேன். சிங்கப்பூரில் சில வருடம் இருந்துவிட்டு வந்து வாங்கினான். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓட்டுகிறான். சீட்டுக்கு அரக்குக் கலர் வெல்வெட் உறை, ஜன்னலுக்குத் திரை, முன் கண்ணாடிக்குக் கீழே தலையாட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பொம்மை. அந்தப் பொம்மையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்தி இறந்து சித்தப்பா வெளியூர் வேலைக்குப் போனதும், ஏழு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னைவிட ஒரு வயது இளையவன். தங்கச்சி எங்கள் இருவருக்கும் ரொம்பப் பின்னால் பிறந்தவள். நான் பெரியண்ணன், அவன் சின்னண்ணன். அவள் நடை பழகியது அவன் விரலைப் பிடித்துக்கொண்டுதான். கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் அது அடிக்கடி மறந்து போகும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு இன்னும் கூடுதலாக மறந்தது.

சின்ன வயதில் ஒரே ஒரு விஷயத்தில் நான் அவனை மிஞ்சியிருந்தேன். அது பஸ்ஸில் இடம் பிடிப்பது. ஆலங்குடி ஸ்டாண்டுக்குள் புதுக்கோட்டை பஸ் திரும்பும்போதே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே போட்டுவிடுவேன். துண்டு கிடக்கிற சீட்டில் எவரும் உட்கார மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது பத்திரம் பதிந்த மாதிரி. துண்டை எனக்கும் தங்கச்சிக்கும் ஆகிற அளவுக்கு மட்டும்தான் விரிப்பேன். அவன் புதுக்கோட்டை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இன்னும் கொஞ்சம் விரித்துப் போட்டிருந்தால் மூன்று பேருக்கும் இடம் கிடைத்திருக்கும். நான் விரிக்கவில்லை. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பேசியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

தங்கச்சி அவன் வண்டியில் ஏறிப்போன ஒரு மாதத்தில், அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அவளைக் கட்டிக் கொடுத்தது குளத்தூரில். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில் குடுமியான்மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அங்கேதான் விசேஷம். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் ஆசாரி காது குத்துவார். அந்த மடிக்காகத்தான் தாய்மாமனுக்கு மாலை, மரியாதை எல்லாம். மடியில் சந்தேகம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தங்கச்சியோடு போனில் பேசிவிட்டு வந்த என் பெண்டாட்டி அதைக் கிளப்பிவிட்டாள்.

"அவுக மாமியா என்ன சொன்னாகளாம் தெரியுமா? சின்ன மாமன் மடியிலயே வச்சுரலாம், அவருதான் நல்லது பொல்லாதுக்கு வண்டியோட வந்து நிக்கிறாருன்னாகளாம்."

"தங்கச்சி என்ன சொன்னுச்சு?"

"அது என்ன சொல்லும்? ரெண்டு பேரும் அண்ணந்தானே, பாப்போம்னுச்சாம்."

அந்தப் 'பாப்போம்' என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள். எனக்கு உண்மையிலேயே எரிந்தது, இரண்டு நாள் மோர்தான் குடித்தேன். மூன்றாம் நாள் காலையில் பெண்டாட்டியிடம் சொன்னேன், வண்டியில் சீட் போடப் போகிறேன் என்று.

"பூவ எதுல ஏத்துவீங்க?"

"பூவுக்கு வேற வண்டி கெடைக்கும். எனக்கு வேற தங்கச்சி கெடைக்குமா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "முந்திரிக்கொட்ட மாதிரி முந்திக்கிட்டு நிக்காம, அவுககிட்டப் போயி வாய்விட்டுக் கேளுங்க, எம்மடியில வைக்கணும்னு" என்றாள். முந்திரிக் காட்டு ஊரில் பிறந்தவளுக்கு அந்த வசவு நாக்கு நுனியிலேயே இருக்கும். நான் கேட்கவில்லை. உரிமையை எப்படிக் கேட்டு வாங்குவது?

சரக்கு வண்டியை ஆள் வண்டியாக்குவது நினைத்த மாத்திரத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் மனு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, பட்டறையில் வேலை முடித்து, திரும்பவும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் மாற்றிப் பதிய வேண்டும். அத்தனைக்கும் நடந்தேன். ஊரில் ஒரு பெரியம்மா வழிமறித்து, "சீட்டுப் போடுறியாமேப்பா, என்னையும் ஒரு ஆளாச் சேத்துக்க" என்றாள். நான் ஏலச்சீட்டு நடத்தப் போவதாக நினைத்துவிட்டாள். விளக்கிச் சொன்னதும், "அட, ஒக்கார்ற சீட்டா? அதான் ஒன் தம்பி வண்டியில இருக்கே" என்றாளே பார்க்கலாம்.

பட்டறை புதுக்கோட்டையில். பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "ஆளா, சரக்காண்ணே? ரெண்டும் ஒண்ணா வராது. ஆளு ஏறிட்டா சரக்கு எறங்கிரணும்." ஆள்தான் என்று மார்தட்டிச் சொன்னேன். அந்த வார்த்தையைக் கொஞ்சம் மென்று பார்த்திருக்கலாம்.

சீட் என்ன அகலம் வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, மறுநாள் வந்து சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலம் அவன் டீக்கடையில் இருந்த நேரமாகப் பார்த்து, அவன் வண்டிக்குள் ஏறி சீட்டைச் சாண் போட்டு அளந்தேன். இரண்டு சாணும் நாலு விரலும். இறங்கும்போது டீ கிளாஸோடு எதிரே நின்றான். "என்னண்ணே, எதையாச்சும் தொலச்சிட்டியா?" என்றான். ஆமாம், சாவியைத் தேடினேன் என்றேன். சாவி என் விரலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி, "டீ குடிக்கிறியா?" என்றான். மறுநாள் பட்டறையில் இரண்டு சாணும் ஆறு விரலும் என்று சொன்னேன்.

இரண்டு பக்கமும் தகரத்தை வெட்டி ஜன்னல் வைத்தார்கள். தரையில் துளை போட்டு, இரும்புக் காலை போல்ட் வைத்து முறுக்கி, வரிசை வரிசையாக சீட்டை நிறுத்தினார்கள். அவனுடையது அரக்கு, நான் சிவப்பு உறை போட்டேன். என் பக்கத்தில் தராசு கிடந்த இடத்துக்கு மட்டும் பின்னால் சாய்கிற புஷ்பேக் சீட். அது தங்கச்சிக்கு. டிரைவரைச் சேர்த்துப் பன்னிரண்டு என்று புத்தகத்தில் பதிவானது. வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி உள்ளே தலையை நீட்டி மூச்சை இழுத்தார். "இதுக்கு முன்னாடி என்ன ஏத்துனீங்க?" என்றார். பூ என்றேன். "அதான். குடுத்து வச்சவங்க ஒங்க பாசஞ்சரு" என்றார். அவன் வண்டியில் எத்தனை வெல்வெட் இருந்தாலும் மல்லிகை மணக்காது. அன்றைக்கு முழுக்க எனக்கு அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது.

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பே தங்கச்சியும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை குளத்தூரிலிருந்து நேராகக் கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. தங்கச்சி வண்டியைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். புஷ்பேக் சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியை அமுக்கினாள். அது ஒரேயடியாகப் பின்னால் சாய்ந்து, அவள் படுத்த வாக்கில் சிரித்தாள். "எனக்காகவாண்ணே?" என்று கேட்டாள். அந்த நேரத்திலாவது பாப்பாவை என் மடியில் வைப்பாயா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டது வேறு: "அவன் வண்டியில இப்புடிச் சாயுமா?"

விசேஷத்தன்று காலை ஆறு மணிக்கே எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவனும் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் வண்டியில் ஏறப்போன இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் வண்டியில் ஏற்றினேன். பெண்டாட்டிக்கு விட்டுவைத்ததையும் சேர்த்துப் பதினோரு சீட்டும் நிரம்பின. அவன் வண்டியில் நாலே பேர். கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் பெண்டாட்டி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சீர எங்க வைக்கிறது?"

வாசலில் ஜமக்காளத்தின் மேல் இருபத்தொரு தட்டும் வரிசையாக இருந்தன. பட்டுப்பாவாடை, தேங்காய், பழம், வெற்றிலை, மாலை. ஓரத்தில் ஒரு வாழைத்தாரும் பெரிய பலாப்பழமும். தாய்மாமன் சீர். இத்தனை வருடமாக ஊரில் எவன் வீட்டுச் சீரையும் ஏற்றிப்போனவன் நான். என் வீட்டுச் சீருக்கு என் வண்டியில் இடம் இல்லை. சீட்டுக்கு அடியில் தள்ளிப் பார்த்தேன். இரும்புக் கால்கள் குறுக்கே நின்றன. பட்டறைக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"எல்லாத்தையும் என் வண்டியில ஏத்துண்ணே, எடம் கெடக்கு" என்றான் அவன். தட்டில் கையும் வைத்துவிட்டான்.

"வைடா கீழ" என்றேன். எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "மாமன் சீர் மாமன் வண்டியிலதான் வரும். ஆள எறக்கிட்டு வந்து நானே ஏத்திக்கிறேன். பத்தரை வரைக்கும் நல்ல நேரம் இருக்குல்ல?"

அவன் தட்டை வைத்துவிட்டு விலகிக்கொண்டான். மடியில் ஆளுக்கு இரண்டு தட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று பெண்டாட்டி சொன்னதையும் நான் காதில் வாங்கவில்லை. பாப்பாவுக்கு நான் எடுத்த தோட்டுப் பெட்டியை மட்டும் அவளிடம் கொடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னேன்.

போகும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது. தங்கச்சி சாய்ந்துகொண்டு வந்தாள். பாப்பா அவள் மேல் உட்கார்ந்து, "பெரிய மாமா வண்டி மணக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் அவன் வண்டி வந்துகொண்டிருந்தது. அந்தப் பொம்மையின் தலை இங்கிருந்தே தெரிகிற மாதிரி எனக்குத் தோன்றியது. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கோயிலில் எல்லோரையும் இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். வீட்டில் தட்டுகளை ஏற்றும்போது அடுத்த சிக்கல். தரையில் இடம் இல்லாததால் சீட்டுக்கு இரண்டு மூன்றாக வைத்தேன். பலாப்பழத்தைத் தங்கச்சி சீட்டில் வைத்தேன். அது புஷ்பேக்கில் நன்றாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. ஆனால் ஆள் என்றால் கம்பியைப் பிடித்துக்கொள்வான். தட்டு எதைப் பிடிக்கும்? முதல் வேகத்தடையிலேயே தேங்காய்கள் உருண்டன. இரண்டாவதில் பட்டுப்பாவாடைத் தட்டு குப்புற விழுந்தது. நிறுத்தி, பொறுக்கி அடுக்கி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, மாட்டு வண்டி வேகத்தில்தான் போக முடிந்தது. புதுக்கோட்டைக்குள் நுழைந்தால் முகூர்த்த நாள் கூட்டம். ஒவ்வொரு மண்டபத்து வாசலிலும் வேன்கள் நடு ரோட்டில் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தன. எல்லாம் சீட் வைத்த வேன்கள். அவற்றைப் பார்த்து எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

போன் அடித்தது. அவன்தான். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தது. நேரம் முடியப்போகிறது, நான் உட்கார்ந்துகொள்ளவா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. அந்தக் குரலில் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. ஐந்து முறை அடித்து ஓய்ந்தது.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பத்தேகால். தட்டை இறக்கக்கூட நிற்காமல் உள்ளே ஓடினேன். நான் பயந்த மாதிரியே இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் ஜமக்காளத்தில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் மாலை. மடியில் பாப்பா, முகமெல்லாம் கண்ணீர். வலது காதில் தோடு மின்னியது. நான் எடுத்துக் கொடுத்த தோடு. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பதற்கு அன்றைக்குத்தான் பொருள் தெரிந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் கத்தினேன்.

"முடிச்சிட்டீங்களா? நல்லாருங்க. நல்லாருங்கடா."

"ஒரு காதுதாண்ணே" என்றான் அவன். எழுந்திருக்க முடியவில்லை, பாப்பா அவன் சட்டையைப் பிடித்திருந்தது. "நேரம் தப்புதுன்னு பெரியவுகள்லாம் சத்தம் போட்டாக. ஒனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கல. ஒரு காத மட்டும் குத்திட்டு, இன்னொன்னு அண்ணன் வந்துதான்னு சொல்லிட்டேன்."

ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தங்கச்சி என் பக்கத்தில் வந்து முழங்கையைப் பிடித்தாள். அழுதிருந்தாள்.

"அங்கிட்டு உக்காருண்ணே. எங்க மாமியா வந்து உக்காரப் போனாக, அவுகளையே சின்னண்ணன் எந்திரிக்க வச்சிருச்சு. துண்டு கெடக்குல்ல, அது பெரியண்ணன் எடம்னு சொல்லிருச்சு."

அப்போதுதான் கீழே பார்த்தேன். அவனுக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தின் மேல் அவன் துண்டு கிடந்தது. சுருட்டிப் போடவில்லை. நாலு மூலையும் இழுத்து நன்றாக விரித்துப் போட்டிருந்தான்.

நான் அதன் மேல் உட்கார்ந்தேன். தன் கழுத்து மாலையைக் கழற்றி அவன் எனக்குப் போட்டான். பாப்பாவைத் தூக்கி என் மடியில் வைத்தான். ஒரு காது வலி தெரிந்த பிள்ளை, இன்னொரு காதுக்கு எப்படி உட்காரும்? திமிறியது, என் கையைக் கடித்தது. அவன்தான் எதிரே குனிந்து, "பெரிய மாமா வண்டி மணக்குதுல்ல, எப்புடி மணக்குது?" என்று கேட்டான். அது மூக்கை உறிஞ்சிக் காட்டிய நொடியில் ஆசாரி காரியத்தை முடித்துவிட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த நேரத்திலும் எனக்கு வந்த முதல் எண்ணம், வலது காதுதானே முதல் காது என்பதுதான். இரண்டாவது எண்ணம் அதைவிட மோசமாக எரிந்தது. அவன் வேனைப் பார்த்து, வெல்வெட்டைப் பார்த்து, அவள் விரல் பிடித்து நடந்ததைப் பார்த்து நான் பட்டதெல்லாம் ஒரு பொறாமையே இல்லை. அந்தத் துண்டைப் பார்த்துப் பட்டதுதான் பொறாமை. அப்படி விரித்துப் போட அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அந்த வயதில் தெரியவில்லை, இந்த வயதிலும் தெரிந்திருக்காது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, தங்கச்சியும் மாப்பிள்ளையும் குளத்தூருக்கு அவன் வண்டியில்தான் ஏறினார்கள். அந்த வழியாகப் போய் இறக்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. பாப்பா இரண்டு காதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. என் வண்டியில் தங்கச்சி உட்கார்ந்து வந்த புஷ்பேக் சீட் காலி. நான் வெளியே நின்றபடியே, ஜன்னல் வழியாக என் துண்டை அந்த சீட்டில் போட்டேன். போட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"டேய், வா. ஒனக்கு எடம் புடிச்சிருக்கேன்."

அவன் துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரித்துவிட்டான். "நான் வந்துட்டா என் வண்டிய யாருண்ணே ஓட்டுறது?" என்றான்.

அவன் வண்டி முன்னால் போயிற்று. என் வண்டியில், பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தர் முன்னால் காலியாக இருக்கிறதே என்று எழுந்து வந்து, துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஆலங்குடி வரைக்கும் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.